சண்டைக்குப் போகாத காளையும் தீர்ப்பு சொன்ன பிள்ளைகளும்

ஃபெர்டினாண்ட் என்று ஒரு காளை. ஸ்பெயின் நாட்டு மேய்ச்சல் நிலத்தில் அதன் வயதுக் கன்றுகளெல்லாம் முட்டி மோதித் திரியும்போது, இது மட்டும் மரத்தடியில் உட்கார்ந்து பூ வாசம் பிடித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் தெரியாமல் தேனீயின் மேல் உட்கார்ந்துவிட்டது. கொட்டிய வலியில் அது துள்ளிக் குதித்ததைப் பார்த்தவர்கள், இதைவிட முரட்டுக் காளை கிடைக்காது என்று மாட்ரிட் நகரக் களத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். களத்தின் நடுவில் போய் உட்கார்ந்த ஃபெர்டினாண்ட், பார்க்க வந்திருந்த பெண்கள் தலையில் சூடியிருந்த பூக்களின் வாசத்தில் சொக்கிப்போனது. யார் சீண்டியும் எழுந்திருக்கவில்லை. வேறு வழியில்லாமல் ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள்.

அவ்வளவுதான் கதை. மன்ரோ லீஃப் எழுதி, ராபர்ட் லாசன் படம் வரைந்த இந்த அமெரிக்கக் குழந்தை நூல் 1936இல் வெளிவந்தது. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஸ்பெயின் இந்தப் புத்தகத்தைத் தடை செய்தது. ஹிட்லரின் ஜெர்மனி எரித்தது. காந்திக்கு மிகவும் பிடித்த புத்தகம் இது என்று சொல்வார்கள்.

எரித்த நாட்டிலேயே இன்று அந்தக் காளையின் பெயரில் ஓர் இலக்கியப் பரிசு இருக்கிறது. அதைத் தீர்மானிக்கும் குழுவில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களுக்குச் சமமான எண்ணிக்கையில் இடம் உண்டு. ஜெர்மனியின் அரசுப் பரிசிலும் இளையோருக்கெனத் தனி நடுவர் குழு இயங்குகிறது. குறும்பட்டியலில் வந்த நூல்களுக்காக வாசகப் பிள்ளைகள் மேடையேறி வாதாடுகிறார்கள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், போரில் இடிந்து கிடந்த ஒரு நாட்டுக்கும், அங்கே ராணுவச் சீருடையில் வந்து இறங்கிய ஒரு பெண்ணுக்கும் போய்ச் சேர்கிறோம்.

சோறு முதலில், புத்தகம் பிறகா?

யெல்லா லெப்மன் 1891இல் ஸ்டுட்கார்ட் நகரத்து யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். 17 வயதிலேயே, அந்த ஊர் சிகரெட் ஆலையில் வேலை பார்த்த வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ஒரு படிப்பகம் ஏற்படுத்தியவர். இளம் வயதில் கணவர் இறந்துபோக, இரண்டு பிள்ளைகளை வளர்க்கப் பத்திரிகை வேலைக்கு வந்தார். ஸ்டுட்கார்ட்டின் முக்கியமான நாளிதழில் ஆசிரியர் குழுவில் இருந்தார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர் என்பதால் அந்த வேலை போயிற்று. 1936இல் பிள்ளைகளோடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். போர்க்காலத்தில் லண்டனிலிருந்து ஜெர்மனியை நோக்கி ஒலித்த வானொலிகளில் வேலை பார்த்தார்.

1945 அக்டோபர் 29 அன்று அவர் மீண்டும் ஜெர்மன் மண்ணில் கால் வைத்தபோது வயது 54. அமெரிக்க ராணுவ நிர்வாகத்தில் பெண்கள், இளையோர் நலன்களுக்கான ஆலோசகர் என்பது பதவி. தன்னைத் துரத்திய நாட்டுக்கு, தன் இனத்தாரைக் கொன்று குவித்த நாட்டுக்குத் திரும்பிப் போவதா என்ற தயக்கம் அவருக்கு இல்லாமல் இல்லை. பிள்ளைகளுக்காகப் போகலாம் என்று முடிவெடுத்தார். இந்த நாட்டுப் பிள்ளைகள் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்பது அவர் வாதம்.

ஜீப்பில் ஊர் ஊராகப் போனார். நிலவறைகளில் குடியிருந்த குடும்பங்கள், தாய் தகப்பனை இழந்து தெருவில் திரிந்த பிள்ளைகள். புத்தக உலகமும் அதே கதியில்தான் கிடந்தது. ஜெர்மன் பதிப்புத் துறையின் தலைநகரமான லைப்சிக்கில் 1943 டிசம்பரில் ஒரே இரவுக் குண்டுவீச்சில் கோடிக்கணக்கான புத்தகங்கள் சாம்பலாகியிருந்தன. எஞ்சியிருந்த பிள்ளைகள் நூல்கள் பலவற்றில் பன்னிரண்டு ஆண்டுகள் ஓதப்பட்ட இனவெறியும் போர்ப் பெருமையும்.

பசியில் இருக்கும் பிள்ளைக்கு முதலில் ரொட்டியா, புத்தகமா? அதிகாரிகளுக்கு இதில் சந்தேகமே இல்லை. லெப்மனுக்கும் பசி தெரியாமல் இல்லை. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே குரலை மட்டும் கேட்டு, அதற்குத் தலையாட்டி மட்டுமே பழகிய தலைமுறை அது. ரொட்டி வயிற்றை நிரப்பும். தலையாட்டும் பழக்கத்தை மாற்றாது. வேறு நாட்டுப் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இவர்கள் பார்க்க வேண்டும் என்றார். அதற்கு அவர் போட்ட திட்டம், பல நாட்டுக் குழந்தை நூல்களின் கண்காட்சி. புத்தகம் வாங்கப் பணம் கிடையாது. ஆகவே இருபது நாடுகளுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் நாட்டின் சிறந்த குழந்தை நூல்களை இலவசமாக அனுப்புங்கள் என்று, நேற்று வரை எதிரியாக இருந்த நாட்டின் பிள்ளைகளுக்காகக் கேட்டார்.

பெரும்பாலான நாடுகள் ஒப்புக்கொண்டன. பெல்ஜியம் மறுத்தது. இரண்டு முறை ஜெர்மானியப் படை எங்கள் நாட்டுக்குள் புகுந்திருக்கிறது, எங்களால் முடியாது என்று பதில் வந்தது. அதில் நியாயம் இருந்தது. லெப்மன் விடவில்லை. இந்தப் பிள்ளைகளும் பழைய வழியிலேயே வளர்ந்தால் மூன்றாம் முறையும் அதுதான் நடக்கும், யோசித்துப் பாருங்கள் என்ற பொருளில் மறுபடி எழுதினார். பெல்ஜியத்திலிருந்து மிகச் சிறந்த தொகுப்பு ஒன்று வந்து சேர்ந்தது.

ஹிட்லர் கட்டிய மண்டபத்தில்

1946 ஜூலை 3 அன்று மியூனிக் நகரில் கண்காட்சி திறக்கப்பட்டது. இடம் ஹவுஸ் டெர் குன்ஸ்ட். தூய ஜெர்மானியக் கலை என்று தான் நம்பியதைக் காட்சிக்கு வைக்க ஹிட்லர் எழுப்பி, 1937இல் திறந்த கட்டடம். போருக்குப் பின் அமெரிக்க அதிகாரிகளின் கிளப்பாக இருந்தது. அந்தச் சுவர்களுக்கு நடுவேதான் பிரெஞ்சுப் படக்கதைகளும் ஆங்கில விலங்குக் கதைகளும் பல நாட்டுப் பிள்ளைகள் வரைந்த ஓவியங்களும் வந்து அமர்ந்தன. பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். மொழி தெரியாத புத்தகங்களைப் படம் பார்த்துப் படித்தார்கள். பிறகு கண்காட்சி ஸ்டுட்கார்ட், பிராங்க்பர்ட், பெர்லின் என்று பயணம் போனது.

பெர்லினில் கிறிஸ்துமஸ் நெருங்கியபோது லெப்மனுக்கு ஒரு சங்கடம். கண்காட்சிக்கு வந்த எந்தப் பிள்ளையும் ஒரு புத்தகத்தையும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. பார்க்கலாம், தொடலாம், வைத்துவிட்டுப் போக வேண்டும். காளை ஃபெர்டினாண்டின் கதையைத் தாமே ஜெர்மன் மொழியில் எழுதினார். நாளிதழ்த் தாளில் 30,000 பிரதிகள் அச்சாயின. இடிபாடுகளுக்கு நடுவே 1946 கிறிஸ்துமஸைக் கொண்டாடிய பெர்லின் பிள்ளைகளுக்கு அவை இலவசமாகப் போய்ச் சேர்ந்தன. ராணுவ மிடுக்கைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் கையில், சண்டை போட மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்ட காளை.

கண்காட்சி முடிந்ததும் புத்தகங்களைக் கட்டி வைத்துவிட அவருக்கு மனமில்லை. நிரந்தரமாக ஒரு நூலகம் வேண்டும் என்று அலைந்தார். 1948இல் ராக்கெஃபெல்லர் அறக்கட்டளையின் அழைப்பில் அமெரிக்கா போய், அங்குள்ள குழந்தைகள் நூலகங்களைப் பார்த்தார். மறைந்த அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் ஆதரவாக நின்றார். அறக்கட்டளையின் நிதியும் வந்தது. 1949 செப்டம்பர் 14 அன்று, மியூனிக்கின் கௌல்பாக் தெருவில் ஒரு பழைய மாளிகையில் சர்வதேச இளையோர் நூலகம் திறக்கப்பட்டது.

அது வெறும் புத்தகக் கிடங்காக இருக்கவில்லை. அலமாரிகள் திறந்தே கிடந்தன. பிள்ளை தானே எடுக்கலாம், தானே வைக்கலாம். ஓவியக்கூடம், நாடகம், அயல்மொழி வகுப்பு எல்லாம் உண்டு. இந்தக் கதைக்கு வேண்டியது அங்கு நடந்த புத்தக உரையாடல் குழுக்கள். படித்த நூலைப் பற்றிப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவார்கள். பிடித்தது, பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்வார்கள். ஐக்கிய நாடுகள் சபையைப் போலப் பிள்ளைகளுக்கென ஒரு சபையும் கூடியது. பெரியவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் போதும் என்று வளர்க்கப்பட்டவர்கள், எனக்கு வேறு கருத்து இருக்கிறது என்று எழுந்து நின்ற இடம் அது. பின்னால் வந்த இளையோர் நடுவர் குழுக்கள் அத்தனைக்கும் அங்கேதான் வித்து விழுந்தது என்பேன்.

நூலகத்துக்குத் துணை நின்றவர்களில் எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னர் முக்கியமானவர். 1933 மே 10 அன்று பெர்லினில் தன் நூல்கள் எரிக்கப்பட்டதைக் கூட்டத்தில் நின்று கண்ணால் பார்த்தவர் அவர். மனிதர்கள் மாநாடு போட்டும் போரை நிறுத்த மாட்டேன் என்கிறார்களே என்று விலங்குகள் தாங்களே மாநாடு கூட்டும் அவருடைய கதை 1949இல் வெளிவந்தது. அந்தக் கதையின் யோசனையைக் கொடுத்தவர் லெப்மன்.

1956இன் இரு பரிசுகள்

நூலகம் தொடங்கிய இரண்டே ஆண்டில், 1951 நவம்பரில், பல நாட்டு எழுத்தாளர்களையும் பதிப்பாளர்களையும் நூலகர்களையும் மியூனிக்குக்கு வரவழைத்து மாநாடு நடத்தினார் லெப்மன். அதன் தொடர்ச்சியாக 1953இல் ஜூரிக்கில் சர்வதேச இளையோர் நூல் மன்றம் பிறந்தது. அந்த மன்றத்தின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது 1956இல் முதல்முறையாக வழங்கப்பட்டது. குழந்தை இலக்கியத்தின் நோபல் என்று இன்று அழைக்கப்படுவது அதுதான்.

அதே 1956இல்தான் ஜெர்மன் இளையோர் இலக்கியப் பரிசும் தொடங்கியது. மத்திய அரசின் குடும்பநல அமைச்சகம் நிதி தர, அதற்கு முந்தைய ஆண்டு அமைந்த இளையோர் இலக்கியப் பணிக்குழு அதை நடத்துகிறது. ஜெர்மன் மத்திய அரசு இலக்கியத்துக்கென்று தரும் பரிசு இது ஒன்றுதான். வெளிநாட்டு நூலின் மொழிபெயர்ப்புக்கும் இது கிடைக்கும் என்பது இன்னொரு சிறப்பு. முதல் ஆண்டிலேயே, அமெரிக்காவில் வாழ்ந்த லூயிஸ் ஃபாட்டியோ எழுதிய மகிழ்ச்சியான சிங்கத்தின் கதை பரிசு பெற்றது. இருபது நாடுகளுக்குப் போன கடிதத்தின் குணம் இந்தப் பரிசுக்குள்ளும் இறங்கியிருந்தது.

இரண்டிலும் ஒரு குறை. பரிசு குழந்தை நூலுக்கு, தேர்ந்தெடுத்தவர்கள் பெரியவர்கள். நூலகர், பேராசிரியர், விமர்சகர் கூடி இது நல்ல நூல் என்று முத்திரை குத்துவார்கள். பிள்ளை அதைப் படித்தானா, பாதியில் மூடி வைத்தானா என்பது எங்கேயும் பதிவாகாது.

புத்தகக் கடைக்காரரின் காளை

மாற்றம் ஒரு சிறு நகரத்தில் தொடங்கியது. ஹாம்பர்க் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புக்ஸ்டஹூடே ஜெர்மானியர்களுக்கு ஒரு கதையால் தெரிந்த ஊர். கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதையில் முயலும் முள்ளெலியும் பந்தயம் ஓடுவது அந்த ஊருக்குப் பக்கத்தில்தான். அங்கே புத்தகக் கடை வைத்திருந்த வின்ஃப்ரீட் சீமன் 1971இல் இளையோர் நூலுக்கு ஒரு பரிசை நிறுவினார். பெயர் புக்ஸ்டஹூடே காளை. சண்டைக்குப் போகாத அதே ஃபெர்டினாண்டின் நினைவாக வைத்த பெயர். பரிசாகத் தருவதும் எஃகில் செய்த ஒரு காளைச் சிற்பம். இன்று அதோடு 5,000 யூரோவும் சேரும்.

முதல் ஆண்டுப் பரிசு ஏ. எஸ். நீலின் நூலுக்குப் போனது. இங்கிலாந்தில் சம்மர்ஹில் என்ற பள்ளியை நடத்தியவர் நீல். அந்தப் பள்ளிக் கூட்டத்தில் ஆசிரியருக்கும் ஒரு வாக்கு, சின்னப் பையனுக்கும் ஒரு வாக்கு. பிள்ளைகளின் கருத்துக்கு இடம் கொடுத்த ஒரு பரிசின் பட்டியல் இப்படிப்பட்ட ஒருவரின் பெயரோடு தொடங்குவது பொருத்தம்தான்.

1981இல் பரிசை நகராட்சியே ஏற்றுக்கொண்டது. கடைக்காரர் ஒருவரின் ஆர்வம் ஊரின் பொறுப்பாக மாறியது. இன்று நடுவர் குழுவில் 11 இளையோர், 11 பெரியவர். அந்த ஆண்டு வந்த நூல்களை இரு தரப்பும் படித்து, விவாதித்து, வாக்களிக்கிறார்கள். பரிசு பெற்றவர்களின் வரிசையைப் பார்த்தால் இந்தக் கலப்புக் குழுவின் ருசி தெரியும். 1979இல் மிஹாயேல் எண்டேயின் முடிவில்லாக் கதை. 1983இல் அணுகுண்டுக்குப் பின் ஓர் ஊர் என்ன ஆகும் என்று சொன்ன குட்ரூன் பௌசவாங்கின் நாவல். 2006இல் ஸ்டெஃபனி மேயரின் ரத்தக்காட்டேரிக் காதல். மூன்றாவதைப் பார்த்து முகம் சுளிக்கும் விமர்சகர் இருப்பார். அவர் மனதில் இருக்கும் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

மார்ச் முதல் அக்டோபர் வரை

அரசுப் பரிசு 2003இல் இந்த வழிக்கு வந்தது. விமர்சகர் குழுவோடு, இளையோர் நடுவர் குழு என்று தனியாக ஒன்று அமைந்தது. அதற்குத் தனிப் பரிசு. நாட்டின் வெவ்வேறு மூலைகளில் இருக்கும் ஆறு வாசிப்பு மன்றங்கள் சேர்ந்து இந்தக் குழு. மன்றங்கள் கூடுவது ஊர்ப் பொது நூலகத்தில், பள்ளியில், புத்தகக் கடையில். புதிய நூல்களை வாங்கிப் படித்துத் தள்ளி, ஆறு நூல்களைக் குறும்பட்டியலுக்கு அனுப்புகிறார்கள். முதல் ஆண்டு அவர்கள் தேர்ந்தெடுத்தது, பெர்லினில் குடியேறிய அமெரிக்க எழுத்தாளர் ஹோலி-ஜேன் ரேலன்ஸ் எழுதிய நாவல்.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் நாட்காட்டியில் இருக்கிறது. விமர்சகர்கள் முன்மொழியும் நூல்களும் இளையோர் முன்மொழியும் நூல்களும் வசந்த காலத்தில் லைப்சிக் புத்தகக் காட்சியையொட்டி அறிவிக்கப்படுகின்றன. பரிசு அக்டோபரில், பிராங்க்பர்ட் புத்தகக் காட்சியில். இடையில் ஏழு மாதங்கள். ஒரு புத்தகத்துக்கு வாசகர் சேர்வது இந்த ஏழு மாதங்களில்தான். நூலகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பல ஊர்களில் பயிலரங்கு நடக்கும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு நூலையும் பிள்ளைகளிடம் எப்படிக் கொண்டுபோவது என்று அங்கே செய்து பார்க்கிறார்கள். நூலகத்தில் பட்டியல் நூல்களுக்குத் தனி மேசை வருகிறது. வாசிப்பு மன்றங்களில் யார் எந்த நூலின் கட்சி என்று பிரிந்து நின்று வாதாடுகிறார்கள்.

அக்டோபர் மேடையில் இளையோர் தங்கள் ஆறு நூல்களையும் குட்டி நாடகமாக நடித்துக் காட்டிவிட்டுத்தான் முடிவைச் சொல்கிறார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் 10,000 யூரோவும் மோமோ என்ற வெண்கலச் சிலையும் பரிசு. மோமோ, 1974இல் இதே பரிசைப் பெற்ற மிஹாயேல் எண்டே நாவலின் சிறுமி. பிறர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதுதான் அவளுடைய ஒரே திறமை.

இரண்டு குழுக்களின் தீர்ப்பும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 2011இல் விமர்சகர்கள் வோல்ஃப்காங் ஹெர்ன்டோர்ஃபின் நாவலுக்குப் பரிசு தந்தார்கள். இரண்டு பையன்கள் திருட்டுக் காரில் ஊர் சுற்றும் கதை. அதே மேடையில் இளையோர், வியன்னா எழுத்தாளர் உர்சுலா போஸ்னான்ஸ்கியின் கணினி விளையாட்டு மர்ம நாவலைத் தேர்ந்தெடுத்தார்கள். யாரும் யாரையும் திருத்தவில்லை. இரண்டு தீர்ப்பும் அருகருகே நிற்கின்றன. ரத்தக்காட்டேரிக் காதலுக்கு முகம் சுளிக்கும் விமர்சகருக்கான பதிலும் இதுதான். பிள்ளையின் தீர்ப்பு வந்ததால் பெரியவரின் தீர்ப்பு ஒழிந்துபோகவில்லை. பிள்ளைகள் பரபரப்பை மட்டுமே தேர்வார்கள் என்ற பயத்துக்கும் ஆதாரம் போதாது. 2009இல் அவர்கள் தேர்ந்தெடுத்தது ஆஸ்திரேலியரான மார்க்கஸ் சூசக்கின் நாவல். ஹிட்லர் காலத்தில், மியூனிக் அருகே, எரிகிற புத்தகக் குவியலிலிருந்து ஒரு புத்தகத்தைத் திருடும் சிறுமியின் கதை. லெப்மன் வந்து இறங்கி 64 ஆண்டுகள் கழித்து, யாரும் சொல்லிக் கொடுக்காமல், அந்த நாட்டுப் பிள்ளைகள் தாங்களாக எடுத்த புத்தகம்.

பொது நூலகங்களும் இந்தப் பழக்கத்தைத் தங்கள் வழியில் வளர்த்தன. லோயர் சாக்சனி மாநில நூலகங்களில் 2007 முதல் யூலியஸ் மன்றம் என்று ஒன்று நடக்கிறது. கோடை விடுமுறையில், தேர்ந்தெடுத்த 100 நூல்கள் கொண்ட பட்டியலிலிருந்து இரண்டையாவது படித்து, அவற்றைப் பற்றித் தன் கருத்தைச் சொல்லும் பிள்ளைக்குச் சான்றிதழ். வெளிநாடுகளிலும் இதற்கு உறவுமுறை உண்டு. இங்கிலாந்தில் குழந்தை நூலுக்கான கார்னகி பதக்கத்தின் குறும்பட்டியலைப் பிள்ளைகள் குழுக்கள் நடுவர்களுக்கு இணையாகப் படித்துத் தங்கள் முடிவைச் சொல்லும் திட்டம் 1992இல் தொடங்கியது. பிரான்சில் 1988 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், அந்நாட்டின் புகழ்பெற்ற நாவல் பரிசான கோன்கூருக்கு இணையாகத் தங்கள் கோன்கூர் பரிசைத் தேர்கிறார்கள். கனடாவில் 2002 முதல், ஆளுக்கொரு நூலுக்காக ஐந்து பிரபலங்கள் வானொலியில் மல்லுக்கட்டுகிறார்கள், நாடே கேட்கிறது.

இதில் என்ன லாபம்? ஒரு புத்தகத்துக்காக வாதாட வேண்டும் என்றால், பிடித்திருக்கிறது என்ற ஒரு சொல் போதாது. ஏன் என்று சொல்ல வேண்டும். எந்தப் பக்கம், எந்தப் பாத்திரம், எந்த இடத்தில் சலித்தது என்று காட்ட வேண்டும். எதிரில் இருப்பவன் படித்துவிட்டு வந்திருக்கிறான், ஏமாற்ற முடியாது. தோற்றாலும், நாம் தோற்ற நூலை நாலு பேர் தேடிப் படிப்பார்கள். இந்தப் பயிற்சியில் தேறிய பிள்ளையை மேடையில் யாராவது கையை ஆட்டி முழங்கித் தலையாட்ட வைப்பது அவ்வளவு எளிதல்ல. லெப்மன் 1945இல் தேடியது இந்தப் பிள்ளையைத்தான்.

அவர் 1957 வரை நூலகத்தை நடத்தினார். 1970இல் ஜூரிக்கில் காலமானார். நூலகம் 1983இல் மியூனிக்கின் மேற்கே, 15ஆம் நூற்றாண்டுக் கோட்டையான ப்ளூட்டன்பர்குக்கு மாறியது. உலகக் குழந்தை இலக்கியத்துக்கான மிகப் பெரிய நூலகம் இன்று அதுதான்.

நம் கணக்கு

புக்ஸ்டஹூடே நகராட்சி ஒரு புத்தகப் பரிசை ஏற்றுக்கொண்ட அதே 1981இல்தான் யாழ்ப்பாணத்தில் ஒரு நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 நூல்கள் போயின. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து நடந்த கலவரத்துக்குப் பின் பல்லாயிரம் ஈழத்தமிழர்கள் ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அந்த ஊர்ப் பொது நூலகங்களின் உறுப்பினர்கள். எரிந்த நூலகத்துக்குப் பதில் என்ன என்று ஜெர்மனி பட்டுத் தெரிந்துகொண்டதை, எரிந்த நூலகத்தின் சந்ததி அங்கே உட்கார்ந்து அனுபவிக்கிறது.

நம்மிடம் அடித்தளம் இல்லாமல் இல்லை. லெப்மன் பிறந்த மறு ஆண்டு சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்று 1931லேயே விதி வகுத்தார். 1948இல் இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம். சொத்து வரியோடு நூலக வரி கட்டுகிறோம். நூலகங்களில் வாசகர் வட்டம் இயங்குகிறது. சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் 2010 முதல் தமிழுக்கும் கிடைக்கிறது. முதலில் பெற்றவர் மா. கமலவேலன், அண்மையில் பெற்றவர்களில் உதயசங்கர், யூமா வாசுகி, விஷ்ணுபுரம் சரவணன் ஆகியோர் உண்டு. எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை.

இல்லாதது அந்த ஏழு மாதம். முடிவு வந்த அன்றுதான் நூலின் பெயரே ஊருக்குத் தெரிகிறது. இரண்டு நாள் வாழ்த்துச் செய்தி, பிறகு மௌனம். போட்டியில் நின்ற மற்ற நூல்கள் எவை என்று கேட்டால் ஆசிரியருக்கும் தெரியாது, மாணவருக்கும் தெரியாது. யாருக்காக அந்த நூல் எழுதப்பட்டதோ அந்தப் பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதற்கு அகாதெமியையும் அரசையும் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. புக்ஸ்டஹூடேயில் தொடங்கியவர் ஒரு புத்தகக் கடைக்காரர். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டம் இதை இந்த ஆண்டே செய்யலாம். அண்மையில் வந்த குழந்தை நூல்களில் ஆறைத் தேர்ந்தெடுங்கள். நூலுக்கு ஐந்து பிரதி வாங்க நாலு பேர் பணம் போட்டால் போதும். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்து இரண்டு மாத அவகாசம் கொடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் கூட்டுங்கள். ஒவ்வொரு நூலுக்காகவும் ஒரு பிள்ளை ஐந்து நிமிடம் பேசட்டும், மற்றவர்கள் மறுக்கட்டும். பெரியவர்கள் யாரும் குறுக்கே பேசக் கூடாது; தலைமையுரை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். கடைசியில் வாக்குப்பெட்டி. வென்ற நூலின் ஆசிரியருக்குப் பிள்ளைகளே கடிதம் எழுதட்டும்.

முடிவு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அப்படியானால் பிள்ளைகள் சொந்தமாக யோசித்திருக்கிறார்கள் என்று பொருள். அடுத்த ஆண்டும் நடத்துங்கள்.